இரண்டு நாள் களப்பணி: யார் செலவில்?

எம்.எஸ்.டபிள்யூ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முதுநிலை சமூகப்பணிப் படிப்பில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வகுப்பு. மற்ற இரண்டு நாளும் களப்பணி. அரசு மருத்துவமனை, கூர்நோக்கு இல்லம், போதை மீட்பு மையம், முதியோர் இல்லம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதியில் இயங்கும் தொண்டு நிறுவனம் என ஏதாவது ஓரிடத்துக்கு மாணவர் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். இரவில் உட்கார்ந்து அன்றைய களப்பதிவை எழுத வேண்டும். பருவ இறுதியில் வைவா. இடையில் பத்து நாள் அளவில் ஒரு கிராமப்புற முகாம். பெரும்பாலான கல்லூரிகளில் ஏறத்தாழ ஒரு மாதம் வெளியூர் நிறுவனத்தில் தங்கிச் செய்யும் ‘பிளாக் பிளேஸ்மென்ட்’. நாளுக்கு 7 மணி நேரம், பருவத்துக்கு 15 வாரம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் நான்கு பருவங்களில் 840 மணி நேரம் வருகிறது. முகாமையும் பிளாக்கையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். இந்த ஆயிரம் மணி நேரத்துக்கு மாணவருக்கு யாரும் ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை. பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, முகாமுக்கான பங்குத்தொகை எல்லாம் அவர் கையிலிருந்துதான்.

சேர்க்கைக் காலத்தில் “இந்தப் படிப்புக்கு என்னென்ன உதவித்தொகை உண்டு?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பதிலாக ஒரு நீண்ட பட்டியலே கிடைக்கும். அதில் உள்ள பெரும்பாலானவை கல்லூரிக் கட்டணத்தை மனத்தில் வைத்து உருவானவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ் இலக்கியமோ பொருளியலோ படிக்கும் முதுநிலை மாணவர் கட்டணத்தைச் சமாளித்துவிட்டால், மாலையிலும் சனிக்கிழமையிலும் துணிக்கடையிலோ டியூஷன் சென்டரிலோ வேலை பார்த்துக் கைச்செலவை ஈட்டிக்கொள்ளலாம். சமூகப்பணி மாணவருக்கு அந்த வழியைப் பாடத்திட்டமே அடைத்துவிடுகிறது. அவருடைய நெருக்கடி கட்டணத்தைவிட நேரத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்துக்கு விலை வைக்காத எந்த நிதியுதவியும் இந்தப் படிப்பைப் பொறுத்தவரை அரைகுறை உதவியே.

இருக்கிற உதவிகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பட்டியல் சாதியினருக்கான ‘போஸ்ட் மெட்ரிக்’ கல்வி உதவித்தொகைதான் இந்தியாவில் ஏழை மாணவர்களுக்கு இருக்கும் மிகப் பெரிய ஏணி. அதற்காக ஐந்தாண்டுகளுக்கு ரூ.59,048 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 60 விழுக்காடு ஒன்றியப் பங்கு, 40 விழுக்காடு மாநிலப் பங்கு. தமிழ்நாட்டில் சுயநிதிப் படிப்புகளில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகியோரின் கட்டணத்தை அரசே ஏற்க வகைசெய்த 2012ஆம் ஆண்டின் அரசாணை 92, எத்தனையோ வீடுகளில் முதல் முதுநிலைப் பட்டத்தைச் சாத்தியமாக்கியது. நம் கல்லூரிகள் பலவற்றில் எம்.எஸ்.டபிள்யூ. சுயநிதிப் பிரிவில்தான் நடக்கிறது என்பதால் இந்த அரசாணையின் அருமை இந்தத் துறைக்கு நன்றாகவே தெரியும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டு உதவித்தொகை இருக்கிறது.

ஆனால் அந்த வருமான வரம்பு ஆண்டுக்கு ரூ.2.5 லட்சம். வீட்டில் இருவர் மாதம் தலா ரூ.10,500 சம்பாதித்தாலே வரம்பைத் தாண்டிவிடுவார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கு இந்த வரம்பு 2013-14 முதல் அசையவில்லை. அரிசி விலையும் வீட்டு வாடகையும் அப்படி நிற்கவில்லை. வரம்புக்குள் வருபவருக்கும் கட்டணம் போகக் கையில் கிடைக்கும் படி மிகச் சிறியது. போஸ்ட் மெட்ரிக் திட்டத்தின் மிக உயர்ந்த பிரிவில், விடுதியில் தங்கிப் படிப்பவருக்குக்கூட ஆண்டுக்கு ரூ.13,500தான். மாதக் கணக்கில் ரூ.1,125. மற்ற பிரிவினருக்கு இதைவிடக் குறைவு. இந்தப் பணமும் கல்வியாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்வதில்லை. களப்பணியோ முதல் மாதமே தொடங்கிவிடுகிறது.

பணம் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறையின் தலைமைக் கல்வி நிலையத்திலேயே சான்று இருக்கிறது. 1936இல் சர் டோராப்ஜி டாட்டா பெயரில் தொடங்கிய டாட்டா சமூக அறிவியல் கழகம் இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி. 2018 பிப்ரவரியில் அதன் மும்பை, துளஜாப்பூர், ஹைதராபாத், குவாஹாட்டி வளாகங்கள் நான்கிலும் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துப் போராடினார்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தகுதியுள்ளவர்களுக்கு அதுவரை இருந்த விடுதி, உணவுக் கட்டண விலக்கு நீக்கப்பட்டதுதான் காரணம். அரசிடமிருந்து பணம் உரிய காலத்தில் வரவில்லை, பற்றாக்குறையைத் தொடர்ந்து சுமக்க முடியாது என்றது நிர்வாகம். முதலில் கட்டு, பணம் வந்தபின் எடுத்துக்கொள் என்ற ஏற்பாட்டில் முதலில் கட்டப் பணம் இல்லாதவர் சேரவே முடியாது என்றார்கள் மாணவர்கள். இரண்டு தரப்பும் சொன்னது உண்மை. அரசின் தாமதத்தை யார் தலையில் கட்டுவது என்பதுதான் சண்டை. சமூகநீதியைப் பாடமாக நடத்தும் நிறுவனத்திலேயே அது மாணவர் தலையில் விழுந்தது.

சரி, கடன் வாங்கலாமே என்பது அடுத்த யோசனை. வழி இல்லாமல் இல்லை. ரூ.4 லட்சம் வரை பிணை இல்லாமல் வங்கிகள் கல்விக் கடன் தரலாம். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற ‘பிரதமரின் வித்யாலட்சுமி’ திட்டத்தில், தரவரிசையில் முன்னிலையில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு ரூ.7.5 லட்சம் வரையிலான கடனுக்கு அரசு 75 விழுக்காடு உத்தரவாதம் தருகிறது; குடும்ப வருமானம் ரூ.8 லட்சம் வரை இருப்பவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 3 விழுக்காடு வட்டித் தள்ளுபடியும் உண்டு. இந்தக் கடனை எந்தச் சம்பளத்தில் அடைப்பது? ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப்பணியாளருக்கு வகுக்கப்பட்ட தொகுப்பூதியம் மாதம் ரூ.18,536. ஆற்றுப்படுத்துநருக்கும் அதே தொகை. புறத்தொடர்புப் பணியாளருக்கு ரூ.10,592. எல்லாமே ஒப்பந்த வேலை. மூன்று லட்ச ரூபாய் கடனை 10.5 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டில் திருப்புவதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை ரூ.6,450 அளவில் வரும். சமூகப்பணியாளரின் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கைவிட அதிகம். துன்புறுத்தப்பட்ட குழந்தையின் வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுதும் வேலைக்கு வருபவர், வங்கியின் நினைவூட்டல் குறுஞ்செய்தியையும் சுமந்துகொண்டு வர வேண்டியிருக்கிறது.

கடன் இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்கிறது. எந்தச் சிறப்புப் பிரிவைத் தேர்வது என்பதை அதுவே தீர்மானித்துவிடுகிறது. நம் சமூகப்பணிக் கல்லூரிகளில் மனிதவள மேலாண்மைப் பிரிவுக்கு இருக்கும் மோகம் ஊரறிந்தது. 500 பேருக்குக் குறையாமல் தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பிரிவு 49இல் சொன்ன நாள் முதல், ஆலைக்குள் நுழையும் கதவு இந்தப் பட்டத்துக்குத் திறந்தே இருந்தது. அதில் தவறில்லை. ஆனால் சமுதாய மேம்பாடு, மருத்துவ மனநலம், குழந்தைகள் நலம் போன்ற பிரிவுகளில் சேர வேண்டியவர்கள் தவணைக் கணக்குக்குப் பயந்து ஒதுங்கும்போது, நாட்டுக்குத் தேவையான இடத்தில் ஆள் இல்லாமல் போகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சமூகப்பணியாளர் என்பவர் முதுநிலைப் பட்டத்துக்குப் பிறகு மேலும் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படித்தவர் என்று வரையறுத்திருக்கிறது. நான்காண்டு முழுநேரப் படிப்பு, அதில் பெரும்பகுதி களம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைத் தவிர மற்றவர்கள் இந்தப் பாதையில் எப்படி நடப்பார்கள் என்று அந்த வரையறையை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்த யோசனையின்மைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1898இல் நியூயார்க்கில் அறப்பணி அமைப்பு ஒன்று நடத்திய கோடைகால வகுப்பிலிருந்துதான் சமூகப்பணிக் கல்வி பிறந்தது என்பார்கள். அதற்கு முன் வசதியான வீட்டுப் பெண்கள் ஏழைகளின் வீடுகளுக்குப் போய்வந்த ‘நட்புமுறைச் சந்திப்பு’தான் இந்தத் தொழிலின் முன்வடிவம். சென்னையில் 1952இல் சமூகப்பணிப் பள்ளி தொடங்க முன்னின்ற மேரி கிளப்வாலா ஜாதவும் தன்னார்வச் சேவை மரபிலிருந்து வந்தவரே. அந்த முன்னோடிகளின் உழைப்பு பெரிது. ஊதியம் தேவைப்படாதவர்கள் உருவாக்கிய தொழில் இது என்பதும் உண்மை. ‘சேவைக்கு வந்தவர் பணம் கேட்கலாமா?’ என்ற கூச்சம் அங்கிருந்து வந்த பரம்பரைச் சொத்து. இன்று வகுப்பறையில் இருப்பவர்களோ பெரிதும் மாறிவிட்டார்கள். நூறுநாள் வேலைக்குப் போகும் தாயின் மகளும் கட்டடத் தொழிலாளியின் மகனும் அங்கே படிக்கிறார்கள். பயனாளியின் தெருவிலிருந்தே பணியாளர் வருவது இந்தத் துறைக்கு நேர்ந்த மிக நல்ல மாற்றம். அவரிடம் மட்டும் பழைய சீமாட்டிகளின் தியாகத்தை எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

பயிற்சிக் காலத்துக்குப் பணம் தருவது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. கேட் தேர்வில் தகுதிபெற்று எம்.இ., எம்.டெக். படிக்கும் மாணவருக்கு மாதம் ரூ.12,400 உதவித்தொகை உண்டு. மருத்துவ மாணவர் உள்ளுறைப் பயிற்சியில் மாதாமாதம் பணம் பெறுகிறார். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் 2019இல் திருத்தப்பட்ட விதிகள், பட்டதாரித் தொழிற்பழகுநருக்குக் குறைந்தது மாதம் ரூ.9,000 என்று நிர்ணயித்தன. ஆலையில் எந்திரத்தின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்பவருக்குப் படி தர வேண்டும் என்று சட்டம் எழுதிய நாடு, தற்கொலைக்கு முயன்றவரின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்பவருக்கு எதுவும் சொல்லவில்லை. 2024இல் வந்த பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் ரூ.5,000 தருகிறது, முழுநேரப் படிப்பில் இருப்பவர் அதில் சேர முடியாது, முதுநிலைப் பட்டம் பெற்றவரும் சேர முடியாது. சமூகப்பணி மாணவர் படிக்கும்போது ஒரு விதியாலும், முடித்தபின் இன்னொரு விதியாலும் வெளியே நிற்கிறார். தமிழ்நாட்டின் ‘புதுமைப் பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்கள் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் ரூ.1,000 தந்து கல்லூரி வாசலைத் திறந்துவிட்டவை. அவையும் முதல் பட்டத்தோடு நின்றுவிடுகின்றன.

தகுதி அடிப்படையிலான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுநிலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை, ஆண்டில் பத்து மாதத்துக்கு மாதம் ரூ.15,000 தருகிறது. இந்தத் துறையில் ஒரு மாணவருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல தொகை இதுதான். முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் சேர்ந்தவுடன் இதைத் தேடுவது நல்லது. ஆனால் நாடு முழுவதற்கும், எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து இடங்கள் 10,000. இளநிலை மதிப்பெண்தான் அளவுகோல். குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்து தட்டுத்தடுமாறி இளநிலை முடித்தவர் இந்த வரிசையில் முன்னே நிற்பது அரிது.

பிற நாடுகள் இதே கேள்வியை எப்படி எதிர்கொண்டன என்று பார்த்தால் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஆஸ்திரேலியாவில் சமூகப்பணி மாணவர் 1,000 மணி நேரக் களப்பயிற்சி முடிக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் வாடகை கட்ட முடியாமல் படிப்பையே கைவிடும் நிலைக்கு அங்கே ‘பயிற்சி வறுமை’ என்று பெயர் வைத்தார்கள். 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்து, 2025 ஜூலை 1 முதல் ஆசிரியர், செவிலியர், பேறுகாலச் செவிலியர், சமூகப்பணி மாணவர்களுக்குக் கட்டாயப் பயிற்சி நடக்கும் வாரங்களில் வாரத்துக்கு 331.65 ஆஸ்திரேலிய டாலர் தருகிறார்கள். வருமானச் சோதனை உண்டு, எல்லோருக்கும் கிடைக்காது. பல்கலைக்கழகம் வழியாகப் பணம் போகிறது. இங்கிலாந்தில் 2003 முதல் இருக்கும் சமூகப்பணி உதவித்தொகையில், களப்பயிற்சிக்குப் போய்வரும் பயணச் செலவுக்கென்றே ஆண்டுக்கு 862.50 பவுண்டு தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டும் பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டணம் வேறு, பயிற்சிச் செலவு வேறு என்று பிரித்துப் பார்க்கும் தெளிவு அவற்றில் இருக்கிறது.

அமெரிக்கா மற்ற வழியில் போனது. அங்கே முதுநிலைச் சமூகப்பணிக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். பெரும்பாலும் ஊதியம் இல்லை. செலவைக் கடன் பார்த்துக்கொண்டது. குழந்தைகள் நலத் துறையில் பணியாற்றுவதாக உறுதிதரும் மாணவருக்கு ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து படி தரும் நல்ல ஏற்பாடு ஒன்று அங்கே இருக்கிறது என்றாலும், பெரும்பான்மையோருக்குக் கடன்தான். பத்தாண்டு பொதுச்சேவைத் துறையில் இருந்து 120 தவணை கட்டியவரின் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்ய 2007இல் சட்டம் வந்தது. 2025இல் காற்று திசைமாறியது. புதிய சட்டப்படி 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் பெறும் சாதாரண முதுநிலை மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 டாலர்தான் உச்சவரம்பு. ‘தொழில்முறைப் படிப்பு’ என்றால் 50,000 டாலர். எது தொழில்முறைப் படிப்பு என்று வரையறுக்க அந்நாட்டுக் கல்வித் துறை கூட்டிய குழு 2025 நவம்பரில் ஒப்புக்கொண்ட வரைவுப் பட்டியலில் மருத்துவம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, இறையியல்கூட இருக்கிறது. சமூகப்பணி இல்லை. ஆன்மாவைக் காப்பவர் தொழில்முறையாளர், அகதிக் குழந்தையைக் காப்பவர் அப்படி அல்லர் போலும்.

சிரித்துவிட்டுப் போக முடியாது. நம் நிலையும் அதே. மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் செவிலியத்துக்கும் ஆசிரியர் கல்விக்கும் இந்தியாவில் தேசிய அளவிலான ஒழுங்குமுறை அமைப்பு உண்டு. சமூகப்பணிக்கு இல்லை. பல பத்தாண்டுகளாகக் கோரிக்கையாகவே இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம், மருத்துவம், மனநலம் சார்ந்த சமூகப்பணியாளர்களை மட்டும் அட்டவணையில் சேர்த்தது. மற்றவர்கள் எந்தக் குடையின் கீழும் இல்லை. ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்தினருக்குப் படிப்புக் காலத்து வட்டி முழுவதையும் ஏற்கும் ஒன்றிய அரசின் திட்டம் தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மட்டுமானது. அந்தச் சொல்லுக்குள் எம்.எஸ்.டபிள்யூ. வருமா என்று அடித்துச் சொல்ல ஒரு மன்றம் இல்லாததால், அந்தக் கேள்வி வங்கி மேலாளரின் மேசையில் போய் நிற்கிறது.

களப்பணிக்குப் படி தர வேண்டும் என்றால் எழும் முதல் மறுப்பு, மாணவர் கற்கத்தானே போகிறார், உழைக்கவா போகிறார் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. முதல் பருவ மாணவர் உண்மையில் நிறுவனத்துக்குச் சுமைதான். யாராவது கூடவே இருந்து சொல்லித்தர வேண்டும். மூன்றாம் பருவத்தில் நிலைமை வேறு. குடும்ப வரலாற்றைக் கேட்டு எழுதுவது, வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவது, காப்பீட்டு அட்டைக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பம் நிரப்பித் தருவது, குழுக் கூட்டம் நடத்துவது என நிறுவனத்தின் அன்றாட வேலையில் ஒரு பகுதியை அவர் இழுக்கிறார். கற்றலும் உழைப்பும் கலந்திருப்பதால்தான் தொழிற்பழகுநருக்கு முழு ஊதியம் தராமல் படி தருகிறோம். அதே தர்க்கம் இங்கேயும் பொருந்தும். நான் கேட்பது சம்பளம் அல்ல, படி.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. படி கொடுத்தால் நிறுவனங்கள் மாணவரை மலிவான ஆளாக வைத்துக்கொண்டு காலிப் பணியிடங்களை நிரப்பாமல் விட்டுவிடும் என்பது. இந்தப் பயம் நியாயமானது. ஆனால் மலிவான ஆளைவிட இலவச ஆளைத்தான் எளிதாகத் தவறாகப் பயன்படுத்தலாம். கோப்பு அடுக்கவும் டீ வாங்கவும் அனுப்பினாலும் கேட்பாரில்லை. பணம் கைமாறினால் வருகைப் பதிவு வரும், மேற்பார்வையாளரின் கையெழுத்து வரும், தணிக்கை வரும். தகுதிபெற்ற சமூகப்பணியாளர் மேற்பார்வைக்கு இல்லாத நிறுவனத்துக்கு மாணவரை அனுப்புவதில்லை என்ற நிபந்தனையையும் படியோடு சேர்த்துவிட்டால், அங்கே ஒரு பணியிடத்தையாவது நிரப்ப வேண்டிய கட்டாயம் உண்டாகும்.

தொண்டு நிறுவனங்களிடம் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். சரியான கேள்வி. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. சிறு நிறுவனங்கள் தங்கள் ஊழியருக்கே சம்பளம் தரத் திணறுகின்றன. அவற்றின் மேல் இந்தச் சுமையை ஏற்றினால் மாணவரை எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே பணம் அரசிடமிருந்துதான் வர வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் ஒரு பகுதிக்கு நாடலாம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் பிரிவு 135 வழியாக நாட்டில் ஆண்டுக்கு ரூ.30,000 கோடி அளவில் செலவாகிறது. அந்த நிதியைக் கையாளும் துறைகள் வேலைக்கு எடுப்பதும் இதே எம்.எஸ்.டபிள்யூ. பட்டதாரிகளைத்தான். ஆனாலும் அதையே முழுக்க நம்பக் கூடாது. நிறுவனத்தின் மனம் மாறினால் அடுத்த ஆண்டு படி நின்றுவிடும்.

அப்படியானால் பி.எட். மாணவருக்கு ஏன் இல்லை, சட்ட மாணவருக்கு ஏன் இல்லை? இல்லை என்று நான் சொல்லவில்லை. 16 வாரம் பள்ளியில் முழுநேரம் கற்பிக்கும் பி.எட். மாணவரின் கோரிக்கையும் இதே அளவு நியாயமானது. எங்காவது தொடங்க வேண்டும். எண்ணிக்கை சிறியதாகவும் செலவு கைக்குள் அடங்குவதாகவும் இருக்கும் இடத்தில் தொடங்குவது நிர்வாக அறிவு. வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் படிக்கலாமே என்றும் சிலர் சொல்வார்கள். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்.டபிள்யூ.விலும் களப்பணி கட்டாயம்தான். பணம் தந்தால் சேவை மனம் இல்லாதவர்களும் வந்துவிடுவார்கள் என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்கு ஆர்வம் இல்லை. மாதம் மூவாயிரத்துக்கு ஆசைப்பட்டு இரண்டாண்டு மனநலக் காப்பகத்துக்கு நடப்பவர் யார் என்று அவர்களே சொல்லட்டும்.

மூவாயிரம் என்ற எண் சும்மா வந்ததல்ல. பட்டதாரித் தொழிற்பழகுநருக்கு ஆறு நாள் வாரத்துக்கு ரூ.9,000 என்றால் இரண்டு நாளுக்கு ரூ.3,000. ஆண்டில் பத்து மாதம் என்றால் ஒரு மாணவருக்கு ரூ.30,000. ஆயிரம் மாணவர்களுக்கு ரூ.3 கோடி, ஐயாயிரம் பேர் என்றே வைத்துக்கொண்டாலும் ரூ.15 கோடி. 2024-25 வரவுசெலவுத் திட்டத்தில் புதுமைப் பெண் திட்டத்துக்கு ரூ.370 கோடியும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கு ரூ.360 கோடியும் ஒதுக்கிய மாநிலம் இது. இந்தத் தொகை அதன் முதுகை முறிக்காது. மாணவர் அரசு மருத்துவமனையிலோ சிறையிலோ அரசு இல்லத்திலோ களப்பணி செய்தால் அந்தந்தத் துறையின் கணக்கிலும், தொண்டு நிறுவனத்தில் செய்தால் சமூக நலத் துறையின் கணக்கிலும் செலவு எழுதலாம். கல்லூரி வழியாக மறுபடியும் சுற்றிவரத் தேவையில்லை. மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட வருகைப் பதிவின்மேல் மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். ஆஸ்திரேலியாபோல வருமானச் சோதனை வைத்தாலும் எதிர்க்க மாட்டேன். ஆனால் அந்த வரம்பு ரூ.2.5 லட்சமாக இருக்கக் கூடாது.

சிறிய விஷயங்கள் சில காசே இல்லாமல் நடக்கும். மாணவர்களின் பேருந்துச் சலுகை அட்டை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையிலான தடத்துக்கு மட்டும் செல்லும். களப்பணி நிறுவனம் பெரும்பாலும் வேறு திசையில் இருக்கும். கல்லூரி தரும் களப்பணி ஒதுக்கீட்டுக் கடிதத்தின்பேரில் அந்தத் தடத்தையும் அட்டையில் சேர்த்தால் போதும். 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் நடக்கும் மகளிர் கட்டணமில்லாப் பயணம், யாரும் அப்படித் திட்டமிடாமலே, இந்தப் படிப்பில் உள்ள மாணவியருக்குக் கிடைத்த மிகப் பெரிய களப்பணி உதவியாக இருக்கிறது. எந்தக் கல்வி உதவித்தொகைப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை என்றாலும், களத்துக்குப் போய்வரும் செலவை நேரடியாகத் தொட்ட ஏற்பாடு அதுதான். ஆண் மாணவர்களுக்கும் நகர எல்லைக்கு வெளியே போகும் மாணவியருக்கும் அதுவும் இல்லை.

இரண்டாண்டுப் படிப்பில் சேரும் புதிய மாணவர்கள் ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் வகுப்புக்கு வருகிறார்கள். சில வாரங்களில் ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு களத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சமூக நலத் துறையும் உயர்கல்வித் துறையும் உட்கார்ந்து பேசி ஓர் அரசாணை வெளியிட, அந்தக் கடிதங்கள் அச்சாவதற்குள் போதிய அவகாசம் இருக்கிறது.